கல் கட்டிய புடலங்காய்

எங்கள் பூ, காய், கனிக் கண்காட்சியின் முதலாம் வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் ஒரு மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து, மேசைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, குத்துவிளக்கும் ஏற்றிவிட்டோம். வந்து சேர்ந்த சாமானைப் பார்த்தால் எல்லாம் கழிவு. சூத்தைக் கத்தரிக்காய், முற்றிப்போன வெண்டிக்காய், நுனி கருகிய பாவற்காய். நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தெருவில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவன். கழித்துவிட்ட பெட்டி எது என்று எட்டி நின்றே சொல்லிவிடுவேன்.

வில்லியே லே பெல்லில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, போன கிழமை உங்கள் செடியில் கண்ட அந்தப் பெரிய கத்தரிக்காய் எங்கே என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை வீட்டிலை வைச்சிட்டு வந்தனான் அண்ணை. இவ்வளவு சனம் நிண்டு பாத்தால் நாவூறு படாதோ? பிறகு செடியே பட்டுப்போம்."

விசாரித்துப் பார்த்தால் எல்லாரும் அதையேதான் செய்திருக்கிறார்கள். நல்லதை ஒளித்து வைத்துவிட்டு இரண்டாந்தரத்தைக் காட்ட வந்திருக்கிறார்கள். பார்க்கக் கூடாத சாமானுக்குக் கண்காட்சி வைத்த ஒரே ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். எனக்குக் கோபம் சட்டென்று ஏறும். மண்டபத்தின் நடுவில் நின்று நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் உள்ளே வந்தார். லெ பிளாங்-மெனிலில் இருந்து ரயிலில் வந்திருந்தார். ஈரத் துவாயில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்துப் பிரித்தார். புடலங்காய். பச்சையில் வெள்ளை வரி ஓடி, மேலே மா பூசியதுபோன்ற வெண்பொடி கலையாமல் இருந்தது. எங்கள் கடைக்கு விமானத்தில் வருகிற புடலங்காயை நான் நாள்தோறும் தூக்குகிறேன். அப்படி ஒன்றை நான் ஊரை விட்டு வந்தபிறகு காணவில்லை.

"நாவூறு பயமில்லையோ தங்கச்சி?" என்றேன்.

"பாக்கத்தானே அண்ணை கொண்டந்தனான். படுறதெண்டால் படட்டும்."

அந்த ஒரு பதிலுக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஐம்பது தாண்டியவர். விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. மத்தியானத்துக்குப் பிறகு நகரசபை கொடுத்த தோட்டத் துண்டில் நிற்பார். கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். பிள்ளைகள் இல்லை. அன்றைக்குக் கணவரும் கூட வந்து, துவாயை மடித்துக் கையில் பிடித்தபடி, மனைவிக்கு ஓர் அடி பின்னால் நின்றார். அதிகம் கதைக்காத மனிதர்.

லா சப்பலில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், ஒரே ஊருக்கு இரண்டு சங்கம். அவ்வளவுக்குள்ளும் எங்கள் தோட்டக்காரர் கமிட்டியில் நான் செயலாளர் ஆனதற்குக் காரணம் என் தோட்ட அறிவு அல்ல. எனக்கு ஒரு பூச்சாடிகூடக் கிடையாது. விண்ணப்பக் கடதாசிகளைக் கொண்டுவந்து போடக் கடை வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பதவி கைக்கு வந்ததும் எனக்குச் சட்டம் எழுதுகிற ஆசை வந்துவிட்டது. நாவூறுக்கு ஒரு வழி செய்தேன்: அடுத்த வருடம் மண்டப வாசலில் ஒரு நீத்துப்பூசணிக்காயில் கோரமாக முகம் கீறித் தொங்கவிட்டோம். நல்ல காய்கள் வரத் தொடங்கின. முதலாம் வருடம் பின்னேரம், மேசையில் இருந்த சாமானை யார் எடுப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. அதற்கும் ஒரு சட்டம் போட்டேன். வைத்த காய், கனி, பூ எல்லாம் மறுநாள் கோயிலுக்குப் போகும். பூ சாமிக்கு, காய் அன்னதானத்துக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல சட்டம்தான். அது யாரை எந்த நாளில் வெளியே நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருடம் அவர் கொண்டுவந்த புடலங்காய் இன்னும் நீளம், ஆனால் நடுவில் வளைந்திருந்தது. நான் அளவுநாடாவைக் காம்பில் வைத்து நுனிவரை நேராக இழுத்தேன். நூல் வைத்து வளைவோடு அளக்கச் சொல்லி அவர் கேட்டார். அப்படி அளந்தால் முதல் பரிசு அவருக்கு. நேராக அளந்தால் இரண்டாவது.

"சட்டத்திலை நேராய் எண்டுதான் கிடக்கு தங்கச்சி."

"சட்டம் எழுதினது நீங்கள்தானே அண்ணை?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் எழுதின சட்டத்தை நானே மீறினால் எனக்கு என்ன மதிப்பு என்று நினைத்தேன். பரிசு கொடுக்கிற நேரம் முதலிடத்தின் பெயரை மட்டும்தான் நான் மேடையில் நின்று மைக்கில் உரத்து வாசிப்பேன்: பெயர், இடம், காய், நீளம். இரண்டாம் இடத்துக்குக் கையில் ஒரு கடதாசி கொடுத்தால் சரி. அவர் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

மூன்றாம் வருடம் ஆனி மாதம், விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கடையில் தந்தார். நான் வெங்காய மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"போன முறை பந்தல் உயரம் காணாது. காய் நிலத்திலை முட்டி வளைஞ்சிட்டுது. இந்த முறை பந்தலை உயர்த்தி, காய் ஒரு முழம் வந்தவுடனே நுனியிலை கல் கட்டப்போறன். நேராய் வரும், பாருங்கோ. அந்த மைக்கிலை என்ரை பேரை ஒருக்காச் சொல்ல வைக்கிறன்."

"சொல்லுறன், சொல்லுறன்," என்றேன்.

விதையைப் பங்குனியில் தன் வீட்டுக் குசினி ஹீட்டருக்கு மேலே ஈரப் பஞ்சில் வைத்து முளைக்க வைத்ததாகவும், பாவித்த தயிர்ப் பேணி ஒன்றில் ஒரே நிறையுள்ள கற்களாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். முகம் மெலிந்திருந்ததை நான் கவனித்தேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

ஆவணியில் அவருடைய மரண அறிவித்தல் வந்தது. லா சப்பல் கடைகளின் கண்ணாடியில் இவை இல்லாத நாள் கிடையாது. எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. கடதாசியைக் கொண்டுவந்தவர் வேறு யாரோ. நான் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தேன். கண்காட்சி மண்டபத்தில் எடுத்த படம். பின்னால் எங்கள் வெள்ளை மேசைத் துணி தெரிந்தது. ஒட்டி முடித்துவிட்டுப் பின்பக்கம் போய் உருளைக்கிழங்குப் பெட்டிமேல் கொஞ்ச நேரம் இருந்தேன். தகனம் வெள்ளிக்கிழமை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு விடுப்புக் கேட்டுக்கொண்டு போனேன். கணவர் கும்பிட்ட கையை இறக்காமல் வாசலில் நின்றார். நானும் கும்பிட்டேன்.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்க, புதன்கிழமை, கணவர் எனக்குப் போன் எடுத்தார். பின்னால் உணவகத்தின் கோப்பை கழுவுகிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணை, அவவின்ரை கொடியிலை நாலு காய் நிக்குது. ஆஸ்பத்திரியிலை இருந்து சொல்லிக்கொண்டே இருந்தவ, கல்லுக் கட்டுங்கோ, கட்டுங்கோ எண்டு. நான்தான் கட்டினனான். ஞாயிற்றுக்கிழமை ஒண்டு கொண்டு வரலாமோ? பேர் அவ முந்தியே தந்தவதானே."

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். விரலால் எண்ணினேன். சாவு நடந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டுச் சாமான் விளக்கு ஏற்றுகிற இடத்துக்கு வருவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் மண்டபத்தில் விளக்கு எரியும். மேசையில் வைத்தது மறுநாள் கோயில் சமையலுக்குப் போகும். என் சட்டம்.

"தம்பி, ஞாயிறு இருபத்து நாலாம் நாள்தானே. இன்னும் ஒரு கிழமை துடக்குக் கிடக்கு. குறை நினைக்காதேங்கோ. சாமான் கோயிலுக்குப் போறது."

"இருபத்து நாலோ?" என்றார்.

"ஓம். நான் வடிவாய் எண்ணிப் பாத்தனான்."

"சரி அண்ணை."

போனை வைத்துவிட்டார். கமிட்டியில் சொன்னேன். நல்லவேளை, நீங்கள் கணக்குப் பார்த்தீர்கள், இல்லாவிட்டால் சனம் கதைத்திருக்கும் என்றார்கள். எனக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கஷ்டத்துக்குள் ஒரு பெருமையும் இருந்தது. சரியானதைச் செய்கிறவனுக்கு வருகிற பெருமை. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெயர் அட்டைகளை நான் முன்பே அடித்து வைத்திருந்தேன். புடலங்காய் மேசையில் அந்தப் பெண்ணின் அட்டையும் இருந்தது. விளக்கு ஏற்றுவதற்கு முன் போய் அதை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டேன். அந்த வருடம் மண்டபம் நிறைந்திருந்தது. மல்லிகைச் சாடிகள், செவ்வரத்தை, மார்க்ஸ் டோர்மோயில் ஆறாம் மாடி பால்கனியில் காய்த்த தேசிக்காய், ஒரு பெட்டி அத்திப்பழம், விரல்போல் தடித்த மிளகாய்க் கொத்துகள். நடுவராக வந்த பிரெஞ்சு அம்மா, எங்களில் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரியாத ஒருவர் வேண்டும் என்பதற்காகவே அழைக்கப்பட்டவர், ஒவ்வொன்றையும் மோந்து, தட்டி, குறிப்பெழுதினார். புடலங்காய் மேசையில் ஓர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து இது யாருடையது என்று கேட்டார். வரவில்லை என்றேன். முதலாவது வந்த காய் நூற்றி இருபத்தொரு சென்ரிமீற்றர். மேடையில் பெயரை வாசித்தேன். கை தட்டினார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கையில் ஒருவர் புது அறிவித்தல் ஒன்று கொண்டுவந்தார். கண்ணாடியில் இடம் இல்லை. இருப்பதைக் கொஞ்சம் தள்ளி ஒட்டலாம் என்று ஆவணியில் ஒட்டிய அந்தத் தங்கச்சியின் கடதாசி மூலையை நகத்தால் கிளப்பினேன். அப்போது படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. தோற்றம் ஒரு திகதி. மறைவு ஒரு திகதி. மறைவு, வெள்ளிக்கிழமை அல்ல. அதற்கு முதல் கிழமை புதன்கிழமை.

ஊரில் இப்படி இரண்டு திகதி கிடையாது. காலையில் உயிர் போனால் பின்னேரம், பின்னேரம் போனால் மறுநாள், சுடலைக்குப் போய்விடும். செத்த வீடு என்றால் ஒரு நாள்தான், அந்த நாளில் இருந்துதான் எண்ணுவோம். இங்கே ஆஸ்பத்திரிக் கடதாசி, நகரசபை முத்திரை, எரிக்கிற இடத்தில் நேரம் கிடைக்க வேண்டும். பத்தாம் நாள்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அறிவித்தலே அந்த நேரம் குறித்த பிறகுதான் அடித்திருக்கிறார்கள். நான் என் தலைக்குள் இருந்த ஊர்க் கணக்கோடு, நான் போய்க் கும்பிட்ட வெள்ளிக்கிழமையில் இருந்து எண்ணிவிட்டேன். மூச்சு நின்ற நாளில் இருந்து எண்ண வேண்டும். எனக்கு அது தெரியாததா? நான் என் தாய்க்கும் தகப்பனுக்கும் எண்ணினவன்.

தெருவில் நின்று மறுபடி விரல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை முப்பத்து மூன்றாம் நாள். துடக்குக் கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒருவர் முருங்கைக்காய் விலை கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மத்தியானம் முதலாளியிடம் சொல்லிவிட்டு லெ பிளாங்-மெனிலுக்கு ரயில் ஏறினேன். வீட்டில் ஆள் இல்லை. தோட்டத்தில் நிற்பார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தோட்டத் துண்டுகள் தண்டவாளத்தின் ஓரமாக நீளத்துக்குக் கிடந்தன. தூரத்திலேயே பந்தல் தெரிந்தது. பழைய கட்டில் சட்டங்களை நிறுத்தி, அதன்மேல் இன்னும் ஒரு சட்டம் வைத்துக் கட்டி உயர்த்தியிருந்தார்கள். அதன் கீழே கணவர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். சாவு வீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை மழிப்பதில்லை; அவர் முகம் மழித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அந்தியேட்டி முடிஞ்சுதோ தம்பி?"

"வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. ஐயரும் நானும்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நான் பிழையாய் எண்ணிப்போட்டன்," என்றேன். "ஏன் தம்பி எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை? இருபத்து நாலில்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடியைத்தான் பார்த்தார்.

"அவ எண்டைக்குச் செத்தவ எண்டு உங்களோடை போனிலை நிண்டு சண்டை பிடிக்கச் சொல்லுறியளோ அண்ணை?"

அந்தப் புதன்கிழமை அவர் "இருபத்து நாலோ" என்று கேட்டது மறுபடி காதில் கேட்டது. அவர் எனக்கு வழி விட்டுக் கொடுத்திருக்கிறார். வடிவாக எண்ணினேன் என்று சொல்லி நான் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். கமிட்டியைக் கூட்டி உண்மையைச் சொல்லுகிறேன், முதல் பரிசுக் கோப்பையைத் திருப்பி வாங்கி உங்கள் கையில் தருகிறேன் என்றேன். கேட்க எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"கோப்பை வேண்டாம். வாங்கினவர் பாவம், அவரும் கஷ்டப்பட்டு வளத்ததுதானே," என்றார். பிறகு எழும்பினார். "அளவுநாடா வைச்சிருக்கிறியளோ?"

ஞாயிற்றுக்கிழமை போட்ட அதே கோட்டு. நாடா பைக்குள் கிடந்தது. எடுக்கையில் அந்தப் பெயர் அட்டையும் சேர்ந்து வந்தது. அவர் அதைக் கண்டார்.

நாலு காயும் பந்தலில் இருந்து நேராகத் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் சணல் நூலில் ஒரு சின்னக் கல். இரண்டு காய்களின் நுனி முற்றிச் செம்மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இனிக் கறிக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியான பதத்தில் நின்றிருக்கும். அவர் நீளமானதைக் காட்டினார். காம்பில் நாடாவை அவர் பிடித்தார். நான் முழங்கால் ஊன்றி நுனிக்குக் கொண்டுபோனேன். ஒரு விரல் அளவுகூட வளைவு இல்லை.

"நூற்றி முப்பத்தேழு," என்றேன்.

"நேராய் வந்திட்டுதோ?"

"ஓம் தம்பி. நேராய் வந்திட்டுது."

"அங்கை சொல்லுற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார். "மைக்கிலை சொல்லுற மாதிரி."

நான் எழும்பி நின்றேன். முழங்காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் நின்று வாசிக்கிறதுபோல உரத்து வாசித்தேன். முதலாம் இடம் என்றேன். அவர் மனைவியின் முழுப் பெயரைச் சொன்னேன். லெ பிளாங்-மெனில் என்றேன். புடலங்காய், நூற்றி முப்பத்தேழு சென்ரிமீற்றர் என்றேன். அடுத்த துண்டில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த போர்த்துக்கீசக்காரர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

கணவர் குனிந்து அந்தக் காயின் நுனியில் இருந்த நூலை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கல்லைச் சட்டையில் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த காய்க்குப் போனார்.